ஏரி, யானை, ஒயின் ஷாப்

வெள்ளிக்கிழமையும் திங்கட்கிழமையும் லீவு சேர்ந்தாற்போல வந்துவிட்டால் போதும், பெங்களூர் ஐ.டி. கம்பெனிகளில் ஒரு பட்டியல் கைமாறத் தொடங்கிவிடும். 'ரோடு ட்ரிப் பிளான்' என்று பெயர். யார் போட்டாலும் பட்டியல் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும்.

முதல் நாள், நந்தி மலைப் பக்கம் திராட்சைத் தோட்டம், ஒயின் ருசி பார்த்தல். இரண்டாம் நாள், பன்னேர்கட்டா தேசியப் பூங்காவில் புலி, சிங்கம். அப்படியே ஓசூர் வழியாக இறங்கி ஒகேனக்கல்லில் பரிசல், மீன் வறுவல். மூன்றாம் நாள், ஏற்காடு ஏரியில் படகு. ராத்திரி வீடு.

ஒகேனக்கல்லுக்கும் ஏற்காட்டுக்கும் நடுவே ஒரு வரி இருக்கும். 'தருமபுரி - டீ, பாத்ரூம்.'

ஒகேனக்கல்லே தருமபுரி மாவட்டத்தில்தான் இருக்கிறது என்பது பட்டியல் போட்டவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமும் அவருக்கு இல்லை. எத்தனை கிலோமீட்டர், எந்த ஓட்டல், எங்கே பெட்ரோல் மலிவு, எந்தப் பாறையில் நின்றால் போட்டோ நன்றாக வரும் என்று எல்லாவற்றையும் விசாரித்து எழுதியிருப்பார். அந்த வழியில் மனுஷங்க குடியிருக்காங்க என்கிற தகவலுக்கு மட்டும் அதில் இடம் இருக்காது.

ஊர் சுற்றுவது தப்பில்லை. வாரம் முழுக்கக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தவன் மூணு நாள் மலையையும் தண்ணீரையும் பார்க்கட்டும். ஆனால், அடுத்தவன் வீட்டு வாசல் வழியாகத்தான் போகிறோம் என்ற நினைப்பு திட்டத்தில் இருக்க வேண்டாமா?

* * *

ஏரி, தேசியப் பூங்கா, ஒயின் மூன்றையும் ஒரே சாலையில் கோக்கிற இந்த ஆசை கலிபோர்னியாவிலிருந்து இறக்குமதியானது. அங்கே டாஹோ ஏரி, யோசெமிட்டி பூங்கா, நாபா பள்ளத்தாக்குத் திராட்சைத் தோட்டங்கள் எல்லாவற்றையும் ஒரே பயணத்தில் பார்த்துவிடலாம். நம் பிள்ளைகள் வேலைக்குப் போய் அங்கிருந்து போட்டோ அனுப்பினார்கள். ஆசை இங்கே வந்து சேர்ந்தது. அதோடு கூட இருந்த கட்டுப்பாடு கஸ்டம்ஸிலேயே நின்றுவிட்டது.

யோசெமிட்டியில் ராத்திரி காருக்குள் சாப்பாட்டை வைத்துவிட்டுத் தூங்கப் போக முடியாது. வாசனை பிடித்துக் கரடி வந்து கண்ணாடியை உடைக்கும். அதற்கென்று இருக்கிற இரும்புப் பெட்டியில் பூட்டி வைக்க வேண்டும், தவறினால் அபராதம். கூட்டம் தாங்காத சீசனில், 2024 உட்படச் சில வருடங்கள், முன்பதிவு செய்யாத வண்டியைப் பகல் நேரத்தில் உள்ளேயே விடவில்லை. நம்ம ஆளும் அங்கே போனால் வாயை மூடிக்கொண்டு வரிசையில் நிற்கிறார். அதே ஆள் பென்னாகரம் தாண்டிக் காட்டுச் சாலையில் காரை நிறுத்தி, குரங்குக்கு சிப்ஸ் பாக்கெட்டை நீட்டி செல்ஃபி எடுக்கிறார். 'இங்க யாரு சார் கேக்கப் போறாங்க?' என்ற தைரியம்தான்.

* * *

முதலில் ஏரி.

மலையில் ஏரியைப் பார்க்கிறவர்கள் அந்த மலையின் தண்ணீர் எங்கே போகிறது என்று கேட்பதில்லை. ஏற்காடு சேலம் மாவட்டம். ஆனால், அந்தச் சேர்வராயன் மலையில் பெய்கிற மழையின் ஒரு பங்கு வடக்கே இறங்கி வாணியாறாக ஓடி, தருமபுரி மாவட்டத்தில் பாப்பிரெட்டிப்பட்டி பக்கம் வாணியாறு அணையில் சேர்கிறது. மேலே எத்தனை ரிசார்ட் முளைக்கிறது, எத்தனை கழிவுத் தொட்டி நிரம்புகிறது என்பதெல்லாம் கீழே வயல் வைத்திருக்கிறவனின் பிரச்னை.

ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இந்தக் கணக்கைக் கோர்ட்தான் போட வேண்டியிருந்தது. 2024 மே மாதம் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி இ-பாஸ் வந்தது. 2025 ஏப்ரலில் அதற்கு உச்சவரம்பும் வந்தது. நீலகிரிக்கு வார நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000. கொடைக்கானலுக்கு 4,000, 6,000. உடனே என்ன ஆகும்? அங்கே பாஸ் கிடைக்காதவன், 'பாஸ் கேட்காத மலை எது?' என்று தேடுவான். பெரிய மலைக்குப் பூட்டு போட்டால் சின்ன மலையின் கதவை உடைப்பார்கள்.

ஒகேனக்கல் விஷயத்துக்கு வருவோம். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பல ஊர்களின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமுக்கு மேல் போனால் ஆபத்து. சின்ன வயதிலேயே பல்லில் பழுப்புக் கறை. வருஷக்கணக்கில் குடித்தால் மூட்டும் முதுகெலும்பும் இறுகி நடக்க முடியாமல் போகும். இதற்காகத்தான் ஜப்பான் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. 2008-ல் அடிக்கல், 2013-ல் திறப்பு. சுமார் 1,900 கோடி ரூபாய்.

பரிசலில் போகிறவருக்கு வேடிக்கை காட்டுகிற காவிரிதான் இந்த இரண்டு மாவட்டத்துக்கும் மருந்து. கொஞ்சம் மேலே பிலிகுண்டுலுவில் மத்திய நீர் ஆணையம் அதை அளந்துகொண்டே இருக்கிறது. 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டுக்கு ஒதுக்கிய 177.25 டி.எம்.சி.க்கு அங்கேதான் கணக்கு. இரண்டு மாநிலம் பல தலைமுறையாகச் சண்டை போட்டு அளந்து வாங்குகிற தண்ணீரில் நம்மவர் ஷாம்பு பாக்கெட்டையும் பிளாஸ்டிக் தட்டையும் வீசிவிட்டு எழுந்து போகிறார். அது நேராக மேட்டூருக்குப் போகிறது.

வெள்ளம் வந்தால் இன்னொரு கூத்து. 2018-லும் 2024-லும் ஒகேனக்கல்லில் வினாடிக்கு ஒரு லட்சம் கன அடியைத் தாண்டித் தண்ணீர் வந்தது. இப்படிப்பட்ட நேரத்தில் மாவட்ட நிர்வாகம் பரிசலுக்கும் குளியலுக்கும் தடை போடும். தடைக்கயிற்றுக்கு முன்னால் நிற்கிற போலீஸ்காரரிடம், "நாங்க அவ்வளவு தூரத்திலேர்ந்து வந்திருக்கோம், ஒரு அஞ்சு நிமிஷம் விடுங்க சார்" என்று வாதம் நடக்கும். ஆற்றுக்கு உங்கள் ஓட்டல் புக்கிங் தெரியாது. பரிசல் ஓட்டுகிறவருக்கு ஆறு தெரியும். அவர் வேண்டாம் என்றால் வேண்டாம். அன்றைக்கு அவருக்கும் கூலி இல்லை என்பதைக் கவனியுங்கள். அவரே வேண்டாம் என்கிறார்.

* * *

அடுத்தது பூங்கா.

தருமபுரி மாவட்டத்தில் தேசியப் பூங்கா கிடையாது. ஆனால், காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயம் 2014-லும், காவிரி தெற்கு சரணாலயம் 2022 நவம்பரிலும் அறிவிக்கப்பட்டன. கிருஷ்ணகிரியும் தருமபுரியும் பங்குபோட்டுக்கொள்கிற காடுகள் இவை. ஆற்றுக்கு அந்தப் பக்கம் கர்நாடகத்தின் காவிரி சரணாலயம், மாதேஸ்வரன் மலை. வடக்கே பன்னேர்கட்டா. நாம்தான் இதற்கு ஐந்தாறு பெயர் வைத்திருக்கிறோம். யானைக்கு இது ஒரே காடு.

நீங்கள் பன்னேர்கட்டாவில் டிக்கெட் வாங்கி, கம்பி போட்ட பஸ்ஸில் உட்கார்ந்து பார்க்கிறீர்கள். அஞ்செட்டிக்காரரும் மாரண்டஹள்ளிக்காரரும் டிக்கெட் இல்லாமலே, ராத்திரி ரெண்டு மணிக்கு, தன் ராகிக் கொல்லையில் யானையைப் பார்க்கிறார். அவர் கையில் டார்ச்சும் தகரமும்தான் இருக்கும்.

2023 மார்ச் மாதம் தருமபுரியில் நடந்தது இது. மாரண்டஹள்ளி பக்கத்தில் தோட்டத்தைச் சுற்றிச் சட்டவிரோதமாகப் போட்ட மின்வேலியில் சிக்கி மூன்று யானைகள் செத்தன. கூட வந்த இரண்டு குட்டிகள் பிழைத்தன. அதே மாதம் கம்பைநல்லூர் பக்கம் ஓர் ஆண் யானை, மேலே போன மின்கம்பியில் பட்டுச் செத்தது. அதே மாதம்தான் முதுமலை யானைக்குட்டிகளைப் பற்றிய 'தி எலிஃபென்ட் விஸ்பரர்ஸ்' படத்துக்கு ஆஸ்கர் கிடைத்தது. உலகம் கைதட்டிய அந்த நாட்களில், படத்தில் வந்த பொம்மன் எங்கே இருந்தார் தெரியுமா? தாயைப் பிரிந்த யானைக்குட்டிகளுக்காகத் தருமபுரிப் பக்கம் வந்து அலைந்துகொண்டிருந்தார்.

மின்வேலி போட்டது குற்றம். அதில் இரண்டாவது பேச்சில்லை. ஆனால், யானையின் பாதையை நான்கு வழிச்சாலையாலும் ரயில் தண்டவாளத்தாலும் ரிசார்ட் சுவராலும் துண்டு துண்டாக்கியதில் அந்த விவசாயிக்குப் பங்கு ரொம்பக் கொஞ்சம். 'ஃபாரஸ்ட் வியூ' அறைக்குக் கூடுதல் வாடகை கொடுக்கிறவருக்கும் ஒரு பங்கு உண்டு.

காடு என்றால் யானை மட்டுமா? அரூர் பக்கம் சித்தேரி மலையை 'இன்னும் யாரும் கண்டுபிடிக்காத இடம்' என்று இப்போது பட்டியலில் சேர்க்கிறார்கள். நன்றாகத்தான் கண்டுபிடித்தார்கள்! அதன் அடிவாரத்தில் வாச்சாத்தி என்று ஒரு பழங்குடிக் கிராமம். 1992 ஜூன் 20-ம் தேதி, சந்தனக்கட்டை பதுக்கியிருக்கிறார்கள் என்று சொல்லி வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை ஆட்கள் ஊருக்குள் புகுந்தார்கள். வீடுகளை நொறுக்கினார்கள். 18 பெண்களைப் பாலியல் வன்கொடுமை செய்தார்கள். 2011 செப்டம்பர் 29-ல் தருமபுரி நீதிமன்றம், குற்றம் சாட்டப்பட்ட 269 பேரும் குற்றவாளிகள் என்றது. அதற்குள் 54 பேர் செத்தே போயிருந்தார்கள். 2023 செப்டம்பர் 29-ல் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. முப்பத்தோரு வருஷம்!

அமெரிக்காக்காரனும் யோக்கியன் இல்லை. 1851-ல் ஆயுதப் படையை அனுப்பி, யோசெமிட்டிப் பள்ளத்தாக்கில் காலங்காலமாக வாழ்ந்த பூர்வகுடிகளை விரட்டிய பிறகுதான் அது 'மனிதக் கால் படாத இயற்கை' ஆனது. காட்டில் இருக்கிறவனைச் சந்தேகப்படு, காட்டைப் பார்க்க வருகிறவனை வரவேற்பு வளைவு கட்டிக் கூப்பிடு. இரண்டு நாட்டிலும் இதுதான் நடைமுறையாக இருந்திருக்கிறது.

சாலையையும் இதே கண்ணோடுதான் போடுகிறார்கள். பாலக்கோடு, பென்னாகரம் பகுதி மலைக் கிராமங்களுக்குத் தேர்தல் சமயத்தில் வாக்கு இயந்திரம் எப்படிப் போனது என்று பத்திரிகைகளில் பார்த்திருப்பீர்கள். கோட்டூர் மலைக்கு 2021 சட்டமன்றத் தேர்தலிலும் கழுதை முதுகில் போனது. 2024 நாடாளுமன்றத் தேர்தலிலும் கழுதை முதுகில்தான் போனது. 'ஜனநாயகத்தின் அழகு' என்று போட்டோ போட்டார்கள். இயந்திரம் ஏறக் கழுதை கிடைத்தது. பிரசவ வலி வந்த பெண் இறங்க என்ன கிடைத்தது? தூளிதான். மலைக் கிராமத்தில் தூளி என்பது குழந்தையை ஆட்டுவதற்கு மட்டும் இல்லை. நோயாளியைக் கம்பில் கட்டித் தூக்குவதற்கும் அதுதான்.

இந்த நிலைமையில் அடுத்த மலையில் வியூ பாயின்ட்டுக்கும், செயற்கை நீரூற்றுக்கும், 'ஐ லவ்' போர்டுக்கும் கோப்பு நகர்கிறது என்றால் கோபம் வருமா, வராதா?

* * *

கடைசியாக ஒயின்.

'வைன் கன்ட்ரி' என்ற வார்த்தையைத் தமிழ்நாட்டில் மொழிபெயர்ப்பதே கஷ்டம். நம்ம ஊரில் 'ஒயின் ஷாப்' என்றால் அங்கே ஒயினைத் தவிர எல்லாம் கிடைக்கும்.

நந்தி மலை அடிவாரத்தில் 1988-ல் குரோவர் குடும்பம் தோட்டம் போட்டது. பிறகு நாசிக் பக்கம் பெரிய அளவில் வளர்ந்தது. அங்கே நடப்பது என்ன? திராட்சை அந்த மண்ணில் விளைகிறது. அங்கேயே பிழிகிறார்கள். வருகிறவர் கொடியைப் பார்த்து, மண்ணைப் பார்த்து, ரெண்டு வாய் ருசித்துவிட்டுப் போகிறார். குடிப்பது நல்லதா கெட்டதா என்பது வேறு விவாதம். அந்தக் குப்பிக்குப் பின்னால் விவசாயம் ஒன்று இருக்கிறது, அவ்வளவுதான் நான் சொல்வது.

இங்கே? கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது, நல்ல விஷயம். ஆனால், நம் சாலைப் பயணங்களில் ஓடுவது திராட்சைச் சாறு இல்லை. பனையிலும் தென்னையிலும் இறக்குகிற கள்ளுக்கு 1987-லிருந்து தடை. 2003-லிருந்து சில்லறை மது வியாபாரம் முழுக்க டாஸ்மாக் கையில். 2024-25-ல் அரசுக்குக் கிடைத்தது 48,344 கோடி ரூபாய். தகடூரை ஆண்ட அதியமான், இருக்கிற கள்ளைப் பகிர்ந்து கொடுத்தவன். அவன் செத்தபோது அந்தக் குணத்தையும் சொல்லித்தான் ஔவை அழுதாள். அந்தத் தகடூர்தான் இன்றைய தருமபுரி. இன்றைக்கு இங்கே பகிர்ந்துகொள்ள மிஞ்சுவது உடைந்த கண்ணாடி மட்டும்தான்.

குடித்துவிட்டுப் பாட்டிலைப் பாறையில் அடித்து உடைப்பதில் என்ன சுகமோ தெரியவில்லை. பெங்களூர்க்காரன் மட்டும்தான் உடைக்கிறானா? இல்லை, நம்ம ஆளும்தான் உடைக்கிறான். அடுத்த நாள் காலை அந்தப் பாறையில் வெறுங்காலோடு நடக்கிறவர் மீன் பிடிக்கிறவர், எண்ணெய் தேய்த்துவிடுகிறவர், ஆடு மேய்க்கிற பெண். காட்டுப் பாதையில் கிடந்தால் யானை மிதிக்கும். யானையின் பாதத்தில் கண்ணாடி ஏறிச் சீழ் பிடித்தால் அது நடக்காது. நடக்காத யானை பிழைக்காது. இதைப் பார்த்துத்தான் சென்னை உயர் நீதிமன்றம் தலையிட, 2022-ல் நீலகிரியில் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலிப் பாட்டிலைக் கொடுத்தால் திருப்பிக் கொடுக்கிற முறை வந்தது. பிறகு வேறு மாவட்டங்களுக்கும் போனது. பத்து ரூபாய் செய்கிற வேலையைப் பத்தாயிரம் போர்டு செய்யாது.

சாலையோரக் கடைகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பா.ம.க. வழக்கறிஞர் கே.பாலு தொடுத்த வழக்கில்தான் 2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்றது. அடுத்த ஆண்டே நகர எல்லைக்குள் அது பொருந்தாது என்ற விளக்கமும் வந்துவிட்டது. எப்படியும், அரை கிலோமீட்டர் தள்ளி நிற்கிற கடையைக் கண்டுபிடிக்க முடியாதவனா மூணு மாநில வரைபடம் போடுகிறான்?

இது தொப்பூரில் போய் முடிகிறது. தருமபுரியிலிருந்து சேலம் போகிறவர்கள் பாளையம் சுங்கச்சாவடி தாண்டியதும் வரும் கணவாய். நீண்ட, வளைந்த இறக்கம். 2020 டிசம்பரில் லாரி ஒன்று கட்டுப்பாடு இழந்து வரிசையாக வண்டிகள் நொறுங்கியதில் 4 பேர் செத்தார்கள். 2024 ஜனவரியில் இன்னொரு கோர விபத்து, மறுபடி 4 பேர். டீசலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறங்குகிற லாரி, பிரேக்கை மிதித்து மிதித்துச் சூடேறிப் பிடிக்காமல் போகிற லாரி. முன்னாலும் பின்னாலும் அவை வரும்போது, நடுவில் மூணு நாள் குடியும் அரைத் தூக்கமுமாக ஏற்காட்டுக்குப் போகிற கார். ரத்தத்தில் 100 மில்லிக்கு 30 மில்லிகிராம் ஆல்கஹாலைத் தாண்டினால் குற்றம். முதல் தடவைக்குப் பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம், ஜெயிலும் உண்டு. ஆனால், தொப்பூர் கணவாய் மெஷினில் ஊதச் சொல்லிக் கேட்காது.

* * *

'டூரிஸ்ட் வந்தால்தானே சார் அந்த ஊர் பொழைக்கும்?' என்று கேட்பீர்கள். சரியான கேள்வி. பரிசல் ஓட்டுகிறவர், மீன் குழம்பு வைத்துத் தருகிற அம்மா, மசாஜ் செய்கிறவர் எல்லோரும் உங்களை நம்பித்தான் இருக்கிறார்கள். வாருங்கள். ஆனால், பெங்களூர் சூப்பர் மார்க்கெட்டில் தண்ணீரும் தீனியும் வாங்கி டிக்கி நிறைத்து வந்து, குப்பையை மட்டும் இறக்கிவிட்டுப் போகிற வண்டியால் எந்த ஊர் பொழைத்தது?

அதனால், திட்டம் போடுகிறவர்களுக்குச் சில வரிகள். பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஒகேனக்கல்லுக்குக் கிளம்பும் முன் நீர்வரத்தை விசாரியுங்கள். தடை என்றால் வேறு ஊருக்குப் போங்கள். பரிசலில் லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றிப் போட்டோ எடுக்காதீர்கள்.

அஞ்செட்டி வழியிலும் பென்னாகரம் வழியிலும் இருட்டுவதற்குள் காட்டைக் கடந்துவிடுங்கள். நிறுத்தாதீர்கள், குரங்குக்குத் தீனி போடாதீர்கள்.

கொண்டுவந்த பாட்டில் எதுவானாலும் உங்கள் டிக்கியிலேயே திரும்பிப் போகட்டும். ஓட்டுகிறவர் மூணு நாளும் தொடக் கூடாது. முடியாதென்றால் டிரைவர் போட்டுக்கொள்ளுங்கள்.

தொப்பூரில் ஏறும்போது எந்த கியரோ இறங்கும்போதும் அதே கியர்.

பாலக்கோட்டுத் தக்காளி, காரிமங்கலம் பக்கத்து மாம்பழம், ராகி, சாமை, வத்தல்மலைக் காபி, மிளகு, எது கிடைக்கிறதோ அதை விளைவித்தவரிடமே வாங்குங்கள். பேரம் பேசாமல் வாங்குங்கள்.

அரசுக்கும் மூன்று வரி. மது பாட்டிலைத் திரும்ப வாங்குகிற ஏற்பாடு ஒகேனக்கல்லிலும் ஒவ்வொரு மலை அடிவாரத்திலும் ஒழுங்காக நடக்க வேண்டும். எங்கே வாங்கிய பாட்டிலானாலும் செக்போஸ்ட்டிலேயே பத்து ரூபாய் கொடுத்து வாங்கிக்கொள்ளுங்கள். பார்க்கிங், நுழைவு என்று சுற்றுலாவில் வசூலாகிற காசில் எவ்வளவு அந்தந்தப் பஞ்சாயத்துக்குப் போகிறது, எவ்வளவு குத்தகைக்காரர் பைக்குப் போகிறது என்று வருஷாவருஷம் போர்டு எழுதி வையுங்கள்.

மூன்றாவதுதான் முக்கியம். தருமபுரி மாவட்ட மலைகளில் இனி ஒரு வியூ பாயின்ட்டுக்கு, ஒரு படகுத்துறைக்கு அடிக்கல் நாட்டும் முன்னால், ஆம்புலன்ஸ் ஏற முடியாத கிராமங்களின் பட்டியலை வெளியிடுங்கள். அந்தப் பட்டியல் காலியாகிற வரைக்கும் வேறு எந்த ரிப்பனையும் வெட்ட வேண்டாம்.